அபின் குத்தகையும் மூளையின் இன்ப வழியும்: பினாங்கு வரலாறு தரும் பாடம்

ஒரு துறைமுக நகரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கோட்டையையும் கொடியையும் கப்பலையும் வாணிகத்தையும் விரிவாக எழுதுவர். அந்நகரத்து மக்களின் மூளைக்குள் நிகழ்ந்ததை எவரும் எழுதுவதில்லை. எழுதுவதற்கு வேண்டிய அறிவும் நெடுங்காலம் மனிதனுக்கு வாய்க்கவில்லை. இன்று அது ஓரளவு வாய்த்திருக்கிறது. புலன்களால் உணர்தல், உடலை இயக்குதல், கற்றல், இன்பம் நாடுதல் ஆகிய நான்கும் மூளையில் தனித்தனி அறைகளில் நடப்பன அல்ல. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நரம்புப் பாதைகளில் நடப்பன என்று அறிவியலார் காட்டியுள்ளனர். அவ்விளக்கைக் கையிலேந்திப் பினாங்கின் வரலாற்றைப் பார்த்தால், ஒழுக்கக்கேடு என்று நாம் எளிதில் பெயரிட்டுவிட்ட ஒன்று வேறு உருவில் தோன்றுகிறது.

குத்தகைக்கு விடப்பட்ட ஆசை

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்று பெயர் பெற்ற இடத்தில் அரசாங்கச் செலவுக்குப் பணம் வேறு வழியில் வரவேண்டும். அவ்வழிகளில் தலையாயது அபின் குத்தகை. குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே தோன்றிய அம்முறை நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. வங்காளத்தில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போன அபின் கப்பலேறி வந்தது. குத்தகை எடுத்தவர்கள் அதைக் காய்ச்சிச் 'சண்டு' ஆக்கிக் கடைகளில் விற்றனர். சுரங்கத்திலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் எலும்பு தேய உழைத்த சீனத் தொழிலாளர் அதன் புகையில் வலியை மறந்தனர். அவர்கள் மறக்க மறக்க அரசாங்கக் கருவூலம் நிறைந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் அபினால் வந்த பங்கு சில ஆண்டுகளில் பாதியை எட்டியதுண்டு.

இதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களுள் பினாங்கின் மைந்தரே ஒருவர் முன்னின்றார். அவர் டாக்டர் வூ லியன் தே. 1879இல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு இலவசப் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றுத் திரும்பியவர். அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1906இல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டினார். அபின் வாணிகத்தால் செழித்தோர் வாளாவிருக்கவில்லை. அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருத்துவத்திற்காக அங்கே வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசலைக் காரணம் காட்டி அவருக்கு அபராதம் விதித்தனர். மலைமலையாகச் சண்டு விற்பதற்கு உரிமை இருந்தது. மருத்துவர் ஓர் அவுன்சு மருந்து வைத்திருந்தது குற்றமாயிற்று! பின்னர் அவர் சீனா சென்று, 1910-11இல் மஞ்சூரியாவைத் தாக்கிய கொள்ளைநோயை ஒடுக்கி உலகப் புகழ் எய்தினார். 1960இல் பினாங்கிலேயே உயிர் நீத்தார்.

1910இல் குத்தகை முறை ஒழிந்தது. ஆயினும் அபின் ஒழியவில்லை. குத்தகைக்காரர் விற்றதை அரசாங்கமே விற்கத் தொடங்கியது. முழுத்தடை வருவதற்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கொடியின் கதை

அபின் எதிர்ப்பு ஓங்கிய 1906, 1907ஆம் ஆண்டுகளில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. காட்டுக்கொடி ஒன்றின் இலையை வறுத்துக் காய்ச்சிக் குடித்தால் அபின் பழக்கம் விட்டுப்போகும் என்ற செய்தி மலாய் மாநிலங்களில் பரவியது. மக்கள் கூட்டங்கூட்டமாக அக்கஷாயத்தை நாடினர். கஷாயத்தை ஒரு புட்டியில் ஊற்றி, நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் அபினை அதில் கலப்பர். அவர் ஒரு வேளைக்குரியதைக் குடித்ததும், குறைந்த அளவுக்கு வெறுங்கஷாயத்தை ஊற்றிப் புட்டியை நிரப்புவர். நாள் செல்லச் செல்ல அபின் தேய்ந்து, இறுதியில் கஷாயம் மட்டுமே மிஞ்சும். அந்த இலையில் அபினுக்கு நிகரான சத்து இருந்ததாக நிறுவப்படவில்லை. ஆர்வமும் விரைவில் தணிந்தது. ஆனால் அம்முறையில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அபினை ஒரே நாளில் நிறுத்தினால் தாங்காத உடல், சிறிது சிறிதாகக் குறைத்தால் தாங்கிக்கொள்ளும். ஏன் தாங்கும் என்பதை அன்று எவரும் அறியார்.

மூளைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

விடை அரை நூற்றாண்டுக்குப் பின் வந்தது. 1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் கம்பி வழியே சிறிதளவு மின்சாரம் பாயும். கம்பி குறிப்பிட்ட சில இடங்களில் அமைந்தபோது எலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின. இன்பத்தை நாடச் செய்யும் பாதை மூளையில் உண்டு என்பது அன்று வெளிப்பட்டது.

அப்பாதையின் முதன்மையான தூதுப்பொருள் டோப்பமைன். 1950களின் இறுதியில் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன், நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. 'எல்-டோப்பா' என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தியதும் எழுந்து நடந்தன. எல்-டோப்பா மூளையில் டோப்பமைனாக மாறுவது. அதே எல்-டோப்பாவைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே பிரித்தெடுத்திருந்தனர் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத் தக்கது. டோப்பமைன் குறைந்தால் உடல் இயக்கம் தடைப்படும். நடுக்குவாத நோய் அதனால் வருவதே. ஆக, இன்பம் நாடும் பாதையும் கை கால்களை இயக்கும் பாதையும் ஒரே தூதுப்பொருளைக் கொண்டு இயங்குகின்றன.

மூன்றாவது கண்டுபிடிப்பே நம் பொருளுக்கு உயிரானது. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் டோப்பமைன் நரம்பணுக்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவ்வணுக்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கியபின், சாறு கிடைக்கும்போது துடிப்பதை விட்டு, அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. அடையாளம் தோன்றியும் சாறு வராதபோது துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே தாழ்ந்தது. இதன் கருத்து யாது? டோப்பமைன் இன்பத்தை மட்டும் அளப்பதன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, 'இதைக் கற்றுக்கொள்' என்று மூளைக்குச் சொல்வது. வகுப்பில் மாணவன் எதிர்பாராத பாராட்டைப் பெறும்போது பாடம் மனத்திற் பதிவதற்கும் இப்பாதை துணை நிற்கிறது.

அபின் இப்பள்ளிக்கூடத்திற்குள் பொய்யாசிரியனாகப் புகுகிறது. அபினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்று 1973இல் காட்டினர். ஏற்பிகள் ஏன் அங்கே இருக்கின்றன? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறிஞர்கள் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையே தனக்கென ஆக்கிக்கொள்ளும் 'என்கெஃபலின்' என்ற பொருளைக் கண்டுபிடித்து அதற்கு விடை கூறினர். வலியைத் தணிக்க இயற்கை வைத்த பூட்டில் அபின் கள்ளச்சாவியாகப் பொருந்துகிறது. டோப்பமைன் அணுக்களைக் கட்டுப்படுத்தும் காவலணுக்களை அது அடக்கிவிடுகிறது. காவல் நீங்கியதும் டோப்பமைன் பெருகுகிறது. 'இது நன்று, இதைக் கற்றுக்கொள்' என்ற ஆணை ஒவ்வொரு முறையும் பிறக்கிறது.

இப்போது பினாங்கின் சண்டுக் கடையை நினைத்துப் பார்ப்போம். எண்ணெய் விளக்கின் சுடர், புகையின் மணம், மூங்கில் குழாயின் உருவம்: இவை புலனுணர்வுகள். குழாயை உருட்டிப் பிடிக்கும் கை, எண்ணாமலே செய்து பழகிய இயக்கம். சுடரைக் கண்டதும் எழும் வேட்கை, மூளை கற்ற பாடம். பல நாள் பழகியபின் ஏற்பிகள் மந்தமாகிவிடும். அதே அளவு போதாது. நிறுத்தினால் உடல் நடுங்கும், எலும்பு நோகும், உறக்கம் ஒழியும். சிறிது சிறிதாகக் குறைத்தால் அணுக்கள் பழைய நிலைக்கு மீள நேரம் கிடைக்கும். கஷாயப் புட்டியில் ஒளிந்திருந்த உண்மை இதுவே. 2005ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் கொடுக்கப்படும் மெத்தடோன் சிகிச்சை, அதே ஏற்பிகளை மெதுவாகவும் நீடித்தும் பற்றும் ஒரு மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்து, அவ்வேதனையையும் வேட்கையையும் தணிப்பதாகும்.

கள்ளுக்கடையும் கெத்தும் இலையும்

இது சீனர் கதை என்று தமிழர் ஒதுங்கிவிட முடியாது. அபின் கடைக்கு நிகராகத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. மதுவும் மூளையின் சொந்த அபின் போன்ற பொருள்களைச் சுரக்கச் செய்து அதே இன்ப வழியைத் தூண்டுகிறது. நாளெல்லாம் வெயிலில் உழைத்த உடம்பு, கையிற் கூலி, லயத்திற்கு அண்மையில் கடை: பாடம் பதிவதற்கு இதைவிடத் தக்க ஏற்பாடு வேண்டுமா? தொழிலாளர் இதை உணர்ந்தே இருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடுவதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. பினாங்கை அடுத்த கெடாவில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி தோற்றுவித்த தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளர்ந்து, போலீசாரின் கடும் அடக்குமுறைக்கு ஆளாயிற்று. அவர்கள் நரம்பியல் நூல் கற்றவர் அல்லர். ஆயினும் குடிப்பவனை மட்டும் திட்டிப் பயனில்லை, கடையை அகற்ற வேண்டும் என்று கண்டனர். வேட்கையைத் தூண்டும் அடையாளத்தை அகற்றுக என்று இன்றைய அறிவியல் சொல்வதும் அதுவே.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்ததும் இதற்குச் சான்று. தாய்நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைப்பட்டோர் மிகச் சிலரே. போர்க்களமும் அதன் அச்சமும் மலிவான ஹெராயினும் கண்முன் இல்லாதபோது வேட்கையின் பிடி தளர்ந்தது.

பினாங்கு நிலப்பகுதியிலும் கெடாவிலும் பெர்லிசிலும் வளரும் கெத்தும் மரத்தின் வரலாறும் இத்துடன் சேர்ந்தது. அது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சார்ந்தது. களைப்பு நீங்கவும் வலி தணியவும் உழைப்பாளிகள் அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பர். அபின் கிடைக்காதவர்கள் அதற்கு மாற்றாக இவ்விலையைக் கொள்வதை, பினாங்கின் மண்ணையும் பயிர்களையும் பற்றி 1836இல் எழுதிய ஜேம்ஸ் லோ குறித்துள்ளார். 1921இல் எலன் ஃபீல்ட் என்னும் அம்மையார் அதன் சத்தைப் பிரித்து 'மித்ரகைனின்' எனப் பெயரிட்டார். அது அபின் ஏற்பியைப் பகுதியளவே தூண்டுவது எனப் பிற்காலத்தில் அறிந்தனர். 2003 முதல் மலேசியாவில் அது நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

1969இல் பினாங்கில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போதைப்பொருள் ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் வைத்துள்ளது. அதைத் தொடக்கக் காலத்தில் வழிநடத்தியவர் வி. நவரத்தினம். பிற்காலத்தில் பாலசிங்கம் விக்னசிங்கம் முதலானோர் கெத்தும் பற்றிய ஆய்வில் ஈடுபட்டனர். 2020இல் வெளியான அவர்களது ஆய்வில், பழக்கமுள்ள 26 ஆடவர் கெத்தும் நீரையும் அதைப் போன்ற போலி நீரையும் வெவ்வேறு வேளைகளில் குடித்துவிட்டுக் குளிர்நீரில் கையை வைத்திருந்தனர். கெத்தும் குடித்தபோது வலியை நெடுநேரம் தாங்கினர். அந்நிலையத்தார் 293 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆறு மாதங்களுக்கு மேல் பழகியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தது தெரிய வந்தது. உழைப்பாளி சொன்ன நன்மையும் உண்மை. சட்டம் அஞ்சிய தீமையும் உண்மை. இரண்டையும் அளந்து காட்டுவதே ஆராய்ச்சியின் கடமை.

கற்றதை மாற்றுவது

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அடிமைப்பட்டவன் குற்றமற்றவன் என்று கூறி அவனைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதன்று. அவனுடைய மூளை பழுதுபட்டதனால் மட்டும் அவ்வாறு ஆகவில்லை. கற்கும் ஆற்றல் உடையதாக இருந்ததனாலேயே அப்பாடத்தைக் கற்றது என்பதே உண்மை. எழுத்தைக் கற்ற வழியாகவே வேட்கையையும் கற்றது. கற்றது முற்றும் அழிவதில்லை என்றும், அதன்மேல் புதியதைக் கற்பிக்கலாம் என்றும் அறிவியலார் கூறுவர். அதற்கு மருந்து வேண்டும்; காலம் வேண்டும்; பழைய அடையாளங்கள் இல்லாத சூழல் வேண்டும்; ஏசாமல் துணைநிற்கும் குடும்பமும் வேண்டும். ஒருமுறை வழுக்கி விழுந்தவனை 'இவன் திருந்தமாட்டான்' என்று கைவிடுவது, ஒரு கணக்கில் தவறிய மாணவனைப் பள்ளியை விட்டே விலக்குவதற்கு ஒப்பாகும்.

பினாங்கில் நூறாண்டுக்கு மேலாக அபின் ஆசையைக் குத்தகைக்கு விட்டவர்கள் மூளையின் இயல்பை அறிந்திலர். ஆனால் ஒருமுறை பழகியவன் மறுநாளும் வருவான் என்பதை நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவைக் கொண்டு பணம் ஈட்டினர். இன்று அக்காரணமும் நமக்குத் தெரியும். தெரிந்தபின், வீட்டில் ஒருவன் போதைக்கு ஆட்பட்டால் அதை மறைத்து வைக்கும் வெட்கத்தை விடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடையோர் செயல்.