தரை கிடைக்காதவர்கள் தண்ணீரில் கூடினார்கள்

திருத்தங்கல் பக்கம் அர்ச்சுனா நதியில் மழைக்காலம் விட்டால் கணுக்கால் நனைவதே பெரிய காரியம். படகு, துடுப்பு என்று பேசினால் நம்மாளுக சிரிப்பாங்க. நமக்கு உரிமைச் சண்டை என்றால் தெரு, கிணறு, கோயில், சுடுகாடு. எல்லாம் தரைமேல் நடந்தவை. தண்ணீர்மேல் நடந்த ஒன்றும் உண்டு. கொச்சியில், 1913இல்.

கொச்சி சமஸ்தானத்துப் புலையர்கள் காயல் ஓரத்தில் சேறு வாரி வரப்புக் கட்டி, உப்புத் தண்ணீரைத் தடுத்து நெல் விளைவித்தவர்கள். விளைந்த நெல் எர்ணாகுளம் ஊருக்குள் போகலாம். விளைவித்தவன் போகக் கூடாது. இவர்கள் ஒரு சங்கம் வைக்க நினைத்தார்கள். கிருஷ்ணாதி ஆசான், கே.பி. வள்ளோன், பி.சி. சாஞ்சன் முன்நின்றார்கள். மீனவர் சாதியில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பன் துணை நின்றார். ஆனால் கூடிப் பேச ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. கொடுப்பார் இல்லை.

கூட்டத்தை நிறுத்தவில்லை. போல்காட்டி அருகே காயலுக்குள் போனார்கள். வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதையே மைதானமாக்கி உட்கார்ந்து பேசினார்கள். தரையில் எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று அளந்து சொல்ல ஆள் இருந்தது. காயல் நடுவில் அந்தக் கணக்கைக் கேட்க யாருமில்லை. அந்த ஆண்டே கொச்சிப் புலைய மகாசபை பிறந்தது. இதைத்தான் காயல் சம்மேளனம் என்கிறார்கள்.

வைக்கம் போராட்டம் 1924. மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியது 1927. இரண்டையும் நாம் படித்திருக்கிறோம். அவற்றுக்கு முந்திய காயல் கூட்டம் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பேசுகிறவர்களும் கருப்பன் பெயரோடு முடித்துவிடுகிறார்கள். அவர் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணாதி எங்கே? துடுப்புப் போட்டு வந்த கூலியாட்கள் எங்கே? தண்ணீரில் வள்ளம் விடும் பழக்கத்தை யாரும் அவர்களுக்குத் தானமாகத் தரவில்லை. சேற்றிலும் காயலிலும் உழைத்த உழைப்பு தந்தது. வேலைக்கருவியையே மேடையாக்கினார்கள்.

பின்னால் 1925இல் கருப்பனும், 1931இல் வள்ளோனும் கொச்சி சட்டசபைக்குள் போனார்கள். கிருஷ்ணாதி கிறிஸ்தவரானார்.

2023 முதல் அதே காயலில் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. டிக்கெட் எடுத்தால் யாரும் ஏறலாம். நம்ம ஊர்களில் கூட்டத்துக்கு இடம் கேட்டு அலைகிற தோழர்கள், அந்தக் கட்டிப்போட்ட வள்ளங்களின் கதையை முதலில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கிருஷ்ணாதியின் பெயரையும் சேர்த்து.