பாண்டியன் கொடியில் எத்தனை மீன்?



சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்பதனைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்றிருப்பீர்கள். எங்கள் திருச்சுழி, சுந்தரர் பாடிய பாண்டிநாட்டுத் தலம். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் குண்டாற்றங்கரையில் வளரும் பிள்ளைகள், நாடக மேடைக்கென மீன்கொடி தீட்டி மகிழ்வர். தீட்டத் தொடங்கியதும் ஐயம் பிறக்கும். மீன் ஒன்றா, இரண்டா? துணியின் நிறம் யாது? நான் தலைமையாசிரியனாய் இருந்த ஆண்டுகளில் பலமுறை எதிர்கொண்ட வினாக்கள் இவை.

பாண்டியர் ஏந்திய துணிக்கொடி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. ஆகவே பாட்டையும் செம்பையும் கல்லையுமே நாம் சாட்சிக்கு அழைத்தல் வேண்டும்.

சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒருங்கிருந்தபோது காரிக்கண்ணனார் பாடிய புறநானூற்று 58ஆம் பாட்டு, புலியையும் கெண்டையையும் சேர்த்துக் கூறுகின்றது, எண்ணிக்கை கூறவில்லை. 'பெருவழுதி' எனத் தமிழ்ப் பிராமியில் பொறித்த செப்புக் காசின் ஒருபுறம் குதிரை நிற்கின்றது. மறுபுறம் கோடுகளாலான மீன் குறி உள்ளது.

இணைமீனுக்குத் தெளிவான சாட்சி பகைவரிடத்திலேயே கிடைக்கின்றது! 1905இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் முதலாம் இராசேந்திர சோழனின் முத்திரை உள்ளது. அதில் புலியின் அருகே இரு மீன்களும், வில்லும் காண்கின்றோம். தன் வெற்றியைப் பறைசாற்றச் சோழன் பொறித்த முத்திரை, தோற்றவன் சின்னத்தையும் நமக்குக் காத்துத் தந்தது. பிற்காலப் பாண்டியர் காசுகளிலும், ஈழத்துத் திருகோணமலைக் கோட்டை வாயிற்கல்லிலும் இணைமீன்கள் உள்ளன.

ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்த சின்னம் ஒரே வடிவில் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. சங்க காலத்திற்குக் கோட்டுருவ மீன், பிற்காலத்திற்கு இணைமீன் எனக் கொள்வதே சான்றுக்கு ஏற்றது. துணியின் நிறத்திற்கோ, காசும் முத்திரையும் சாட்சி கூறமாட்டா.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. பிரெஞ்சு நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தாஞ் பகுதியில், வெள்ளைத் துணியில் கருஞ்சிலுவை பொறித்த பழங்கொடி ஒன்று போற்றப்படுகின்றது. அதன் தோற்றத்தையும் சிலுவைப் போர்க் காலத்தோடு இணைத்துப் பேசுவர். 1188இல் பிரெஞ்சாருக்குச் சிவப்பு, ஆங்கிலேயருக்கு வெள்ளை, பிளெமியருக்குப் பச்சை எனச் சிலுவை நிறங்கள் வகுக்கப்பெற்றன. அம்மூன்றில் கறுப்பு இல்லை.

பெருமை வேண்டும், அது சான்றின்மேல் நிற்றல் வேண்டும். ஆதலின், மீனை அச்சமின்றித் தீட்டுங்கள். நிறத்தையும் விரும்பியவாறு தீட்டுங்கள். ஆனால் படத்தின் கீழே, 'மீன் வரலாறு தந்தது. நிறம் யாம் தேர்ந்தது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.