கெஜக்கோல்: துப்பாக்கிக்கு அடியில் ஒளிந்திருக்கும் குச்சி

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஹைதராபாத் தமிழர்கள் தவறாமல் கூட்டிக்கொண்டு போகும் இடம் சாலர்ஜங் மியூசியம். மணியடிக்கும் கடிகாரத்தையும் முக்காடிட்ட ரெபெக்கா சிலையையும் பார்த்து முடிப்பதற்குள் கால் வலித்துவிடும். ஆயுதக் கூடத்தை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடுவோம். அடுத்த தடவை போனால் (வெள்ளிக்கிழமை விடுமுறை) அங்கே கொஞ்சம் நின்று, இது போன்ற பழைய துப்பாக்கிகளின் குழலுக்கு அடியில் பாருங்கள். கட்டைக்குள் செருகிய மெல்லிய கோல் ஒன்று இருக்கும், அல்லது கோல் தொலைந்து வெறும் துளை மட்டும் மிச்சமிருக்கும். இந்தப் பதிவு அந்தக் கோலைப் பற்றித்தான்.

நம் ஊரில் நரிக்குறவர் தோளில் தொங்கும் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. அதில் தோட்டாவைப் பின்பக்கம் போட முடியாது. எல்லாமே வாய் வழியாகத்தான். முதலில் மருந்து, பிறகு ரவையோ ஈயக்குண்டோ, அவை உதிராமலிருக்கத் துணியோ காகிதமோ நாரோ. இத்தனையையும் கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். குண்டு பாதிவழியில் நின்று, மருந்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழலே வெடிக்கலாம். சுட்டு முடித்தபின் அதே கோலின் நுனியில் துணியைச் சுற்றிக் குழலைத் துடைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு ராம்ராட் என்று பெயர். உருதுவில் "கஜ்". ஆமாம், சார்மினார் பக்கத்துத் துணிக்கடைகளில் காதில் விழும் அதே கஜ்தான், நாம் கெஜம் என்கிறோமே, அதுவேதான். சாரங்கி வாசிக்கும் வில்லுக்கும் உருதுவில் இதே பெயர். துணி அளக்க, சாரங்கி வாசிக்க, துப்பாக்கி கெட்டிக்க, மூன்றுக்கும் ஒரே சொல்! எனவே இந்தப் பதிவில் இதைக் கெஜக்கோல் என்றே எழுதுகிறேன். அளவும் ஏறக்குறையப் பொருந்துகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்கள் தூக்கிய 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கட்டின் குழல் 39 அங்குலம். ஒரு கெஜத்தைவிட மூன்று அங்குலம்தான் அதிகம்.

சரி, எந்தக் கோல் நல்லது? முந்நூறு வருடமாக நடக்கும் வழக்கு இது.

மரக்கோல் லேசானது, மலிவானது, குழலைக் கீறாது. ஆனால் நார் நேராக ஓடும் மரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஹிக்கரி மரத்தைத் தேடிப்போனது அதனால்தான். நார் குறுக்கே ஓடும் மரம் என்றால், அழுத்தும்போது சாய்வாக முறிந்து, ஈட்டி முனை போல உள்ளங்கையில் இறங்கிவிடும். பழக்கப்பட்டவர்கள் கோலின் உச்சியைப் பிடித்து அமுக்க மாட்டார்கள். குழல் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள்.

இரும்புக்கோல் முறியாது. அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் துருப்பிடிக்கும், உள்ளே போய் வரும்போதெல்லாம் குழலின் வாயை உரசித் தேய்க்கும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய். அது கோணலாகத் தேய்ந்தால் குறியும் கோணல்தான். உள்ளே வரி வெட்டிய ரைஃபிள்களுக்கு இது பெரிய பிரச்சினை.

பித்தளை துருப்பிடிக்காது, இரும்பைவிட மெதுவானது, ஆனால் வளையும். அதனால் பலர் மரக்கோலுக்குப் பித்தளைப் பூண் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்குப் பழைய துப்பாக்கிகளை விளையாட்டாகச் சுடுபவர்கள், சுத்தம் செய்யத் தனியாக நீளமான கோல் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். கோல் வாயில் உரசாமல் நடுவாக ஓட ஒரு வளையத்தையும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுத்தம் செய்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் புகையும் கரியுமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மழைக்காலத்தில் ஓர் இரவு போதும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது. தண்ணீரில்தான் கரையும். வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய்.

இந்த வேலையின் சலிப்பு பேரரசர் வரைக்கும் எட்டியிருக்கிறது. மாடு சுற்றும் ஒரு சக்கரத்தால் பதினாறு துப்பாக்கிக் குழல்களை ஒரே சமயத்தில் சுத்தம் செய்ததாக அயினி அக்பரியில் அபுல் ஃபசல் எழுதுகிறார். கண்டுபிடித்தவர் அக்பரே என்பது அவர் கணக்கு. பிற்கால அறிஞர்கள் பலர் அந்தப் பெருமையை ஃபத்துல்லா ஷிராஸிக்குக் கொடுக்கிறார்கள். அவர் பீஜப்பூர் அரசவையில் இருந்துவிட்டு 1583-ல் அக்பரிடம் போனவர். ஆக, அவர் நம்ம தக்காணத்து ஆள் :-)

போர்க்களத்தில் மரக்கோல் முறிந்தால் சிப்பாயின் கையில் மிஞ்சுவது ஈட்டி செருகிய வெறும் குழாய். இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் பிரஷ்யாவின் தளபதி லியோபோல்ட். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தப் படை முழுவதும் இரும்புக்கோலுக்கு மாறியது. 1741-ல் மோல்விட்ஸ் போரில் பிரஷ்யாவின் குதிரைப்படை சிதறியபோதும் காலாட்படை விடாமல் சுட்டு ஜெயித்தது. அந்த வேகத்தில் பயிற்சிக்கு ஒரு பங்கு, இரும்புக்கோலுக்கு ஒரு பங்கு. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக மாறின.

அந்த ஐரோப்பியப் பயிற்சியை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரர் ரேமோன். 1775-ல் புதுச்சேரியில் வந்து இறங்கியவர், பிறகு நிஜாம் அலி கானிடம் சேர்ந்தார். அபிட்ஸ் பக்கம் இருக்கிற 'கன் ஃபவுண்ட்ரி' என்ற பேட்டையின் பெயர் அவருடைய பீரங்கி வார்ப்படச் சாலையிலிருந்து வந்தது. இன்றும் உள்ளூர்ப் பெயர் 'தோப் கா சாஞ்சா'. ரேமோனை இந்துக்கள் மூசா ராம் என்றார்கள், முஸ்லிம்கள் மூசா ரஹீம் என்றார்கள். மெட்ரோவில் நாம் கடந்துபோகும் மூசாராம்பாக் ஸ்டேஷன் அவர் பெயர்தான்.

1798 மார்ச்சில் ரேமோன் இறந்தார். அப்போது அவருடைய படையில் சுமார் 14,000 பேர். கடித்துக் கிழி, ஊற்று, கோலை உருவு, இடி, கோலைச் செருகு, குறி பார் என்று வருடக்கணக்கில் பழகிய கைகள் அவை. செப்டம்பர் 1-ல் நிஜாம் கம்பெனியோடு உடன்படிக்கை செய்தார். பிரெஞ்சு அதிகாரிகளின் படையைக் கலைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளையே மடக்கி வைத்திருந்த நேரத்தில் கம்பெனிப் படை சூழ்ந்துகொண்டது. அக்டோபர் 22 அன்று 11,000 பேருக்கு மேல் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ரத்தமில்லாத வெற்றி என்று ஆங்கிலேயர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிப்பாய்களின் நினைவுதான் வரும். அவர்கள் தோற்றது போரில் இல்லை. கைக்குப் பழகிய தொழில் ஒரே காலையில் பறிபோனது. அதற்குப் பிறகு ஹைதராபாத்தின் பாதுகாப்பும் கம்பெனியின் கையில்.

கெஜக்கோலின் கதை 1857-லும் எட்டிப்பார்க்கிறது. வரி வெட்டிய குழலில் இறுக்கமான குண்டை இறக்குவது பெரும்பாடு. என்ஃபீல்டு ரைஃபிளின் குண்டு சற்றே சிறியது, அதைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவியிருந்தது. கோல் வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காகப் பூசிய கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்ற கேள்விதான் சிப்பாய்களிடம் தீயாய்ப் பரவியது. அந்த ஜூலை 17 அன்று துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் இங்கே கோட்டியில் ரெசிடென்சியைத் தாக்கினார்கள்.

பழைய கதையோடு நிறுத்தாமல் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் வீட்டுப் பரணில், தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடக்கலாம். கருமருந்து ஈரம் படாமலிருந்தால் நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். அமெரிக்காவில் 1863-ல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் அதிகமான துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல குண்டுகள்.

இதைக் கண்டுபிடிக்கவும் கெஜக்கோல்தான். விஷயம் தெரிந்தவர்கள் மரக்கோலை மெதுவாக உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் அடையாளம் போடுவார்கள். அதே கோலைக் குழலுக்கு வெளியே ஒட்டிவைத்தால், நுனி பற்றவைக்கும் துளை வரைக்கும் வர வேண்டும். சில அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே எதுவோ இருக்கிறது. அதை நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். துப்பாக்கி வேலை தெரிந்தவரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் அதைத் தூக்கி விளையாடுவதற்கு முன்னால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது கெட்டிச்சிருக்கா, யாராவது பார்த்தீங்களா?"