எறிந்த கல்லும் இப்னு சீனாவும்

கவணில் சுழற்றி எறியப்பட்ட கல், கவணை விட்டு நீங்கிய பின்னும் பாய்ந்து செல்கிறதே, அப்போது அதனை நகர்த்துவது யாது? எறிந்தவனின் கை அதனைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. கயிறும் தொடவில்லை. சிறுபிள்ளையின் கேள்வி போலத் தோன்றும் இதற்குச் சரியான விடை காண மனித சமுதாயத்திற்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நீண்ட வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களுக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அது எந்த இடம், எதுவரை என்பதை ஜமாஅத்தார்களின் மேலான கவனத்திற்கு வைக்க விழைகிறோம்.

இதற்குக் காரணமும் உண்டு. நியூட்டனின் மூன்று விதிகளும் நம்மவர்களின் நூல்களிலிருந்து களவாடப்பட்டவை என்னும் பேச்சு மேடைகளிலும் கைபேசிச் செய்திகளிலும் பரவி வருகிறது. கேட்கும் நம் பிள்ளைகள் மகிழ்கின்றனர். அவர்களே கல்லூரிக்குச் சென்று பௌதிகம் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இக்கேள்விக்கு அளித்த விடை விசித்திரமானது. நகரும் பொருள் ஒவ்வொன்றையும் ஏதேனும் ஒன்று தொட்டு நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது அவரது அடிப்படைக் கொள்கை. ஆகவே, எறிபவன் கல்லை மட்டுமல்லாது அதனைச் சூழ்ந்த காற்றையும் அசைக்கிறான். அக்காற்றே கல்லைத் தள்ளிச் செல்கிறது என்றார். இது தவறு என்பதை முதலில் வலுவாக எடுத்துரைத்தவர் முஸ்லிம் அல்லர். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் ஃபிலோபோனஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் அவர். அரபு நூல்களில் யஹ்யா அந்நஹ்வீ என்று வருபவர் இவரே. (நஹ்வு இலக்கணம் ஓதிய மாணவர்களுக்கு இப்பெயர் இனிக்கும்.) காற்றுதான் தள்ளுகிறது எனில், கல்லைத் தொடாமலே அதன் பின்புறமுள்ள காற்றை வேகமாக அசைத்தால் போதுமே, கல் ஏன் பறப்பதில்லை என்று அவர் வினவினார். எறிபவன் ஓர் ஆற்றலைக் கல்லினுள்ளேயே பதிக்கிறான் என்பது அவரது விடை. எடையில் பன்மடங்கு வேறுபட்ட இரு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால், அவை தரையை அடையும் நேரத்தில் மிகச் சிறு வேறுபாடே காணப்படுகிறது என்றும் எழுதி வைத்தார். கலிலியோவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது!

அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பாக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. அரிஸ்டாட்டிலின் இயற்கை நூலை அரபியாக்கிய இஸ்ஹாக் இப்னு ஹுனைனும் ஒரு கிறிஸ்தவரே. இவ்வாறு வந்து சேர்ந்த வாதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறியவர் இப்னு சீனா (ஹி. 370–428, கி.பி. 980–1037). புகாராவுக்கு அருகில் பிறந்து ஹமதானில் மறைந்த இம்மேதையை நம்மில் பலர் மருத்துவராக மட்டுமே அறிவர். அவரது ‘கிதாபுஷ் ஷிஃபா’ பெயரளவில் ‘குணமளித்தல்’ என்றாலும் மருத்துவ நூல் அன்று. தர்க்கம், இயற்கை இயல், கணிதம், இறையியல் அடங்கிய பெருங்களஞ்சியம் அது.

இப்னு சீனா கையாண்ட சொல் ‘மைல்’. தூரம் அளக்கும் மைல் அன்று. சாய்வு, நாட்டம் என்னும் பொருளுடைய அரபுச் சொல். காற்றடைத்த தோல் பையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் அது கையை மேல்நோக்கித் தள்ளும். பை அசையவில்லை; ஆயினும் அசைவதற்கான நாட்டம் அதில் இருப்பதைக் கை உணர்கிறது. பள்ளிவாசல் ஹவுளில் பந்தை அமிழ்த்திப் பார்த்த சிறுவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. (அவ்வாறு செய்யலாகாது என்பது வேறு விஷயம்.) கல்லை எறிபவன் இத்தகைய நாட்டம் ஒன்றையே அதற்கு அளிக்கிறான் என்றார் இப்னு சீனா.

அவரது சிறப்பு இதற்கு அடுத்த படியில் உள்ளது. ஃபிலோபோனஸ், பதிக்கப்பட்ட ஆற்றல் தானாகவே தேய்ந்துவிடும் என்று கருதினார். இப்னு சீனாவோ, அது தானாகத் தேய்வதில்லை, காற்று போன்ற தடைகளே அதனை அழிக்கின்றன என்றார். அப்படியெனில் தடையே இல்லாத வெற்றிடத்தில் எறிந்த பொருள் நிற்காமல் சென்றுகொண்டே இருக்க வேண்டும். இம்முடிவையும் அவரே கூறினார். கூறிவிட்டு, இப்படி முடிவற்ற ஓட்டம் நிகழ்வதில்லை, ஆகவே வெற்றிடம் என்பதே இல்லை என்று முடித்தார்! வாசல் வரை வந்தவர் கதவைத் தள்ளாமல் திரும்பிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1977இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் 1 விண்கலம், தன்னை முன்செலுத்தும் இயந்திரம் ஏதும் இயங்காமலே நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் விண்மீன்களிடையே சென்றுகொண்டிருக்கிறது. இப்னு சீனா இருக்கவே முடியாது என்று ஒதுக்கிய ஓட்டம் ஏறக்குறைய அதுதான்.

அவருக்குப் பின் பாக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், யூதராகப் பிறந்து முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். விழும் பொருளின் வேகம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு அவர் விடை தேடினார். பொருளின் கனம் அதற்குள் நாட்டத்தை மேன்மேலும் சேர்த்துக்கொண்டே இருப்பதே காரணம் என்றார். இடைவிடாது செயற்படும் விசை மாறாத வேகத்தைத் தருவதில்லை, வளரும் வேகத்தையே தருகிறது என்னும் உண்மையின் சாயல் இதில் தெரிகிறது. ஸ்பெயினின் இப்னு பாஜாவும் (மறைவு கி.பி. 1139) ஊடகத்தின் தடை வேகத்தைக் குறைக்கவே செய்கிறது, வேகத்திற்கு அது காரணமன்று என வாதிட்டார். இப்னு ருஷ்து இதனை மறுத்து எழுதினார். அம்மறுப்பு லத்தீனில் பெயர்க்கப்பட்டதன் வாயிலாகவே ஐரோப்பியர் இப்னு பாஜாவின் கருத்தை அறிந்துகொண்டனர்.

இனி, இவை நியூட்டனின் விதிகள்தாமா என்று பார்ப்போம். இல்லை என்பதே நேர்மையான பதில். பொருள் நகர்வதற்கு அதனுள் ஒரு காரணம் குடியிருக்க வேண்டும் என்பது ‘மைல்’ கொள்கை. சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்வதற்குக் காரணமே தேவையில்லை, வேகமோ திசையோ மாறுவதற்குத்தான் விசை தேவை என்பது நியூட்டன் கூற்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. 14ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஜான் புரிடான், பதிந்த ஆற்றல் பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்று கூறி அதற்கு ஓர் அளவுகோல் தந்தார். அவர் இப்னு சீனாவிடமிருந்து நேரடியாகப் பெற்றாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை.

கலிலியோ (1564–1642) வாதத்தோடு நிற்கவில்லை, அளந்தார். சாய்ந்த பலகையில் குண்டுகளை உருட்டி, அந்நேரத்தில் பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டுக் காலத்தைக் கணித்தார். சமமான கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடுவதைக் கண்டார். எறிந்த கல்லில் இரண்டு இயக்கங்கள் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன: பக்கவாட்டில் மாறாத வேகம், கீழ்நோக்கி வளரும் வேகம். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. அவற்றின் கூட்டே பரவளையம் என்னும் வளைவு. 1638இல் லைடனில் வெளியான நூலில் இதனை நிறுவினார். 1687இல் நியூட்டனின் ‘பிரின்ஸிபியா’ வந்தது. அந்நூலிலேயே நியூட்டன் முதலிரு விதிகளைப் பயன்படுத்தியவராகக் கலிலியோவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். திருடியவர் செய்கிற காரியமா இது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்’தின் முன்னுரையில், கிரகணங்களுக்கான கணிதச் சான்றுகளை மறுப்பது மார்க்கத்திற்குச் செய்யும் உதவி என்று எண்ணுபவன் மார்க்கத்திற்கே ஊறு செய்கிறான் என்ற கருத்தை வலியுறுத்தியுள்ளார்கள். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதும் அவ்வகையில் சேராதா?

நம் மதரஸாக்களின் பக்கமும் சற்றுப் பார்க்க வேண்டும். லக்னோ ஃபிரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ‘ஹிதாயதுல் ஹிக்மா’வின் விரிவுரைகள் இடம்பெற்றன. அவற்றில் ‘மைல்’ பற்றிய பழைய விவாதங்கள் அப்படியே உள்ளன. அப்பாடத்திட்டம் உருவான நாளில் பிரின்ஸிபியா வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அதே ஃபிரங்கி மஹலின் முல்லா ஹசனிடம் ஓதிய ஒருவர், பின்னர் ஆங்கிலமும் லத்தீனும் கற்று, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரின்ஸிபியாவை அரபியில் பெயர்த்தார். தஃபஸ்ஸுல் ஹுசைன் கான் என்பது அவர் பெயர். அயோத்தி நவாபின் பிரதிநிதியாகக் கல்கத்தாவில் பணியாற்றியவர். 1801 வாக்கில் அவர் மறைந்தார். அந்த மொழிபெயர்ப்பு அச்சேறி நம் பாடசாலைகளை வந்தடையவில்லை.