தினம் இரண்டணா

சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் என்றாலே, 1969-ஆம் வருஷத்து தேசியமயமாக்கலிலிருந்துதான் நம்மில் பலர் கதையை ஆரம்பிக்கிறோம். அதற்கு 44 வருஷம் முன்பே உடுப்பியில் அது தொடங்கிவிட்டது என்பேன்.

உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தில், தென் கன்னட ஜில்லாவில் இருந்தது. கைத்தறி நொடித்து நெசவாளர்கள் தவித்த சமயம். 1925-இல் உபேந்திர அனந்த பை என்ற வியாபாரி, வாமன் குட்வா என்ற இஞ்சினீயர், டாக்டர் டி.எம்.ஏ. பை ஆகிய மூவரும் 8,000 ரூபாய் மூலதனத்தில் ‘கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பாங்கிங் சிண்டிகேட்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். (பெயரில் தொழில் முன்னால், பாங்கிங் பின்னால்!)

எட்டாயிரத்தில் எத்தனை தறிக்கு உதவ முடியும்? 1928-இல் ‘பிக்மி டெபாசிட்’ வந்தது. ஏஜெண்ட் தினமும் வாசலுக்கே வந்து, இரண்டணாவானாலும் வாங்கிக்கொண்டு போவார். இதைச் சேமிப்புத் திட்டம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். என் அபிப்ராயத்தில் கடன் விஷயத்திலும் அது பெரிய உபகாரம். அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத சின்னக் கடைக்காரருக்கும் ‘தினம் தவறாமல் கட்டினவர்’ என்ற கணக்கு ஒன்று இருந்தது. வியாபாரம் எப்போது படுத்தது, எப்போது பணம் புரண்டது என்பதெல்லாம் அந்த வரவு வரிசையிலேயே தெரியும். எந்த பாலன்ஸ் ஷீட் இதைச் சொல்லும்?

அந்த ஸ்தாபனம்தான் பின்னாளில் சிண்டிகேட் வங்கி. 1969-இல் அரசுடைமையாயிற்று. 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்தது. அதுவும் 1906-இல் அதே ஜில்லாவில், மங்களூரில் பிறந்ததுதான்.