பீடோர் செமாய் மக்கள்: நிலம் இருந்தால்தான் சோறு

பேராக், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், பீடோர் நகருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் செமாய் மக்களின் கிராமங்கள் உள்ளன. தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வக்குடிப் பிரிவுகளில் எண்ணிக்கையில் பெரியது செமாய். பேராக்கிலும் பகாங்கிலும் இவர்கள் வாழ்கின்றனர். சாலையோரத்தில் பெத்தாயும் டுரியானும் விற்பவர்களாகவே நகரத்தார் பலர் இவர்களை அறிவர்.

செமாய் மக்களின் பழைய விவசாயம் மலைச்சரிவில் நடந்தது. மரங்களை வெட்டி, காய்ந்தபின் எரித்து, அந்தச் சாம்பலே உரமாக மலைநெல், மரவள்ளி, சோளம் ஆகியவற்றை நட்டனர். மண் களைத்ததும் அந்த இடத்தைக் காடாக வளர விட்டுவிட்டு வேறிடம் பார்த்தனர். இதைக் காட்டை அழிக்கும் பழக்கம் என்று சொல்வோர் உண்டு. ஆனால், போதிய நிலம் இருக்கும்வரை மண் தேறிக்கொள்ள இம்முறை இடம் தருகிறது. நெல் பொய்த்தாலும் மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். ஜப்பானியர் ஆட்சியில் அதே மரவள்ளியை உண்டு உயிர் தப்பியவர்கள் நம் தோட்டப்புற மக்கள்.

நட்ட பழமரம் நட்டவருக்கே சொந்தம். பின்னர் அது பிள்ளைகளுக்குப் போகும். பழைய டுரியான் மரங்கள் ஒரு குடும்பம் அங்கே எத்தனை தலைமுறையாக வாழ்ந்தது என்பதைக் காட்டும். காட்டில் பிடித்த பெரிய விலங்கின் இறைச்சியைக் கிராமமே பங்கிட்டுக்கொள்ளும். உணவைக் கேட்டவருக்குக் கொடுக்காமல் ஏமாற்றினால் அவருக்கு ஆபத்து நேரும் என்பது நம்பிக்கை. இதற்கு 'புனான்' என்று பெயர். யார் வீட்டிலும் பட்டினி விழாமல் காக்கும் ஏற்பாடு இது.

இவை அனைத்தும் நிலத்தை நம்பியவை. 1954ஆம் ஆண்டின் பூர்வக்குடியினர் சட்டம் அவர்கள் குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டா தருவதில்லை. நில உரிமையாளர் விரும்பும்வரை மட்டுமே தங்கக்கூடிய குடியிருப்பாளர் நிலையில் வைக்கிறது. நிலத்தை எடுத்துக்கொண்டால், பழமரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு உண்டு என்கிறது.

சிலாங்கூரில் சாகோங் தாசி தலைமையில் தெமுவான் மக்கள் தொடுத்த வழக்கில் இந்த நிலை மாறியது. மரங்களுக்கு மட்டுமல்ல, மரபு வழி வந்த நிலத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆயினும் தங்கள் நிலம் மரபு நிலமே என்று நிரூபிக்கும் சுமை அந்தந்தக் கிராமத்தின் தலையில்தான் உள்ளது.

பீடோர், கம்போங் சாங் லாமாவில் இயங்கும் 'சினுய் பாய் நானெக் செங்கிக்' அமைப்பு பாரம்பரிய அறிவு, பிள்ளைகளின் கல்வி, நில உரிமை ஆகியவற்றில் கவனம் செலுத்துகிறது. 'புதிய வாழ்வு, ஒரே மனம்' என்பது அப்பெயரின் பொருள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து வீட்டோடு காய்கறிப் பாத்தியையும் மாட்டுக் கொட்டகையையும் இழந்த தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. மற்றவர் பெயரில் உள்ள நிலத்தில் எவ்வளவு உழைத்தாலும், நாளைய சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை.