பூஜ்ஜியம் விநாடி வாசகர்

இன்னிக்கு எண்களோட வரலாறு. ஆனா என்னோட ஒரு தப்புல இருந்து தொடங்கணும்.

2022-இல் ஒருநாள் எழுத்து வடிவப் பக்கங்களோட கணக்கைப் பார்த்தேன். அந்த மாதம் 63 வருகைகள். அதுல 56 பேர் ஒரே பக்கத்தோட கிளம்பிட்டாங்க. பவுன்ஸ் ரேட் 89 சதவீதம். அவங்க தங்கின நேரம் பூஜ்ஜியம் விநாடி. யாரும் படிக்கலைன்னு முடிவு பண்ணி, எழுத்து வடிவம் போடுறதை நிறுத்திட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு சித்தப்பாகிட்ட இருந்து வாட்ஸ்அப்: "ஏன் கண்ணு, இப்பெல்லாம் எழுத்துல போடறதில்லையா?" கோயம்புத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல்லயே காது போயிடுச்சு. ஒவ்வொரு எபிசோடையும் ஒரு வரி விடாம படிச்சிருக்கார். அப்போ அவர் ஏன் என் கணக்குல இல்லை?

இணையத்தோட ஆரம்ப காலத்துல சர்வர் எழுதி வெச்ச பதிவேடு மட்டும்தான் ஆதாரம். கேட்கப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி. ஒரு பக்கத்துல 9 படம் இருந்தா, ஒருத்தர் ஒரு தடவை திறந்தாலே 10 ஹிட். 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் டர்னர் 'அனலாக்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். இந்தப் பதிவேட்டை வாசித்துச் சுருக்கித் தருவதுதான் அதன் வேலை. எத்தனை மனிதர்கள் வந்தார்கள், எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதைப் பதிவேட்டிலிருந்து சொல்ல முடியாது என்று அதன் கையேடே எச்சரித்தது. பக்கம் வேணும்னு கேட்கும்போதுதான் சர்வருக்குத் தெரியும். படிச்சு முடிச்சு மூடும்போது யாரும் அதுக்குச் சொல்றதில்லை.

இதுக்கிடையில 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கினார். அதனால திரும்ப வர்ற பிரவுசரை அடையாளம் காண முடிஞ்சது. கவனிங்க, பிரவுசரைத்தான், ஆளை இல்லை. 2005-இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதே நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்தது. வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், சில நாட்களிலேயே புதிய பதிவுகளை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கின எண்கள் நம்ம மாதிரி சின்னத் தளங்களுக்கும் வந்தது இப்படித்தான். அந்த எண் எதை அளக்குதுங்கிற புரிதல் கூடவே வரலை.

அந்தக் காலத்து வழக்கமான கணக்கு இதுதான்: அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்தில் இருந்து இந்தப் பக்கத்தைத் திறந்த நேரத்தைக் கழி. அடுத்த பக்கமே இல்லைன்னா? கழிக்க ஒண்ணுமில்லை, பூஜ்ஜியம். தெரியாம விரல் பட்டு வந்தவரும், 20 நிமிஷம் உட்கார்ந்து படிச்ச சித்தப்பாவும் ஒண்ணு.

2020-இல் வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இதை மாற்றியது. 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. அப்படி இல்லாததுதான் பவுன்ஸ். பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தத் தொடங்கியது. படிக்கிறவர் அப்படியேதான் இருக்கார். வரையறைதான் மாறிச்சு. அதனால ரெண்டு காலத்து பவுன்ஸ் ரேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க.

இன்னொண்ணு, சின்னத் தளத்துக்குச் சதவீதமே ஆபத்து. என் 63-ல, ஆறு பேர் கூடுதலா இன்னொரு பக்கத்தைத் தட்டியிருந்தா 89 சதவீதம் 79 ஆகியிருக்கும். பெரிய தளத்துல பத்து சதவீதம் இறங்கினா மீட்டிங் போடுவாங்க. எனக்கு அது வெறும் ஆறு பேர். அதனால இப்போ ஆட்களோட எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன், அதுவும் பல மாதங்களைச் சேர்த்து.

எழுத்து வடிவத்தைத் திரும்பத் தொடங்கினப்போ கடைசியில ஒரு வரி சேர்த்தேன்: முழுசா படிச்சிருந்தா ஒரு பதில் போடுங்க. போன மாதம் 11 பேர் போட்டாங்க. அதுல ஒண்ணு சித்தப்பாவோடது. மூணாவது பத்தியில ஒரு ஒற்றுப்பிழை இருக்காம்.